எங்கள் தெருவில் டைகர் இல்லை

எங்கள் கன்னட மிஸ்ஸுக்குச் சிவப்பு மை சீக்கிரம் தீர்ந்துபோவதற்கு நான்தான் காரணம் என்று வகுப்பில் ஒரு பேச்சு இருந்தது. ஆறாம் வகுப்பில் நான் எழுதிய கட்டுரை ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவர் ஒரே கேள்வியைத்தான் எழுதுவார். ‘ஹேகே கொத்து?’ எப்படித் தெரியும் என்று அர்த்தம். பசு சாதுவான பிராணி என்று எழுதினால், ஹேகே கொத்து. எங்கள் பள்ளி மிகவும் அழகானது என்று எழுதினால், அதற்கும் ஹேகே கொத்து. பசு சாது என்பது ஊருக்கே தெரியும், இந்த மிஸ்ஸுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்று மனதுக்குள் பொருமிக்கொண்டே நோட்டை வாங்கிக்கொண்டு வருவேன்.

நாங்கள் மர்பி டவுனில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழர்கள். வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், சண்டையில் இரண்டும் போதாமல் கொஞ்சம் உருது. ஆகவே என் கன்னடத்தில் யாரும் குறை சொல்ல முடியாது என்ற திமிர் எனக்கு உண்டு. அந்த வருடம் மாநிலம் பிறந்த நாளான ராஜ்யோத்சவ விழாவில் சிறந்த கன்னடக் கட்டுரையை மேடையில் வாசிக்கலாம் என்று அறிவித்ததும் அந்த இடம் எனக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அதுவரை எல்லா விழாக்களிலும் எனக்குக் கிடைத்த வேலை பிரார்த்தனைப் பாட்டில் மூன்றாவது வரிசையில் நின்று வாயசைப்பது. பெரியம்மா ஒவ்வொரு முறையும் வந்து, நான் எங்கே நிற்கிறேன் என்று எட்டியெட்டிப் பார்த்துவிட்டு, கண்டுபிடிக்க முடியாமலே வீடு திரும்புவாள். இந்த முறை மைக்கின் முன்னால் நின்றுவிட வேண்டும் என்பது ஒன்றே என் ஆசை.

தலைப்பு ‘எங்கள் தெரு’. எங்கள் தெரு மக்கள் ஒற்றுமையானவர்கள், பொங்கல், ரம்ஜான், கிறிஸ்துமஸ் எல்லாவற்றையும் சேர்ந்து கொண்டாடுவார்கள் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மிஸ் என்னைக் கூப்பிட்டார். அவர் மைசூர்ப் பக்கத்துக்காரர். பாடம் தவிர மற்றதை எங்களோடு தமிழில்தான் பேசுவார்.

“இதையே முப்பது பேரு எழுதிருக்காங்க. உன் தெருப் பேர எடுத்துட்டு எந்தத் தெருப் பேர வேணா போடலாம், சரியா இருக்கும். உன் தெருவுல மட்டும் நடக்கறது ஒண்ணு சொல்லு. யாரு, எப்போ, என்ன பண்ணாங்க? நான் கண்ண மூடினா அது எனக்குத் தெரியணும்.”

அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. அம்மா முதுகு வலிக்கிறது என்றால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அப்பா கம்பெனி வண்டி ஓட்டுகிறவர். ரோட்டில் இன்று பயங்கர டிராஃபிக் என்று அலுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால், எந்த சிக்னல், எத்தனை நிமிடம் என்று நோட்டும் கையுமாகப் பக்கத்தில் போய் நிற்பேன். இரண்டே நாளில் என் பெயர் மாறிப்போயிற்று. “ஹேகே கொத்து வருது, வாய மூடுங்கப்பா” என்று பெரியப்பா கேலி செய்வார். ஆனால் தெருவின் ஒற்றுமைக்கு ஆதாரம் கேட்டபோது மட்டும் எல்லோரும் விழித்தார்கள். நாம் ஒற்றுமைதானே, அதற்கு என்ன ஆதாரம் வேண்டியிருக்கிறது என்றாள் அம்மா.

ஆதாரம் ஒரு வியாழக்கிழமை காலையில் கிடைத்தது. எங்கள் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலை ஐந்தரைக்குக் காவேரித் தண்ணீர் வரும், ஏழரைக்கு நின்றுவிடும். அது தானாக வரும் லட்சணத்துக்கு ஒரு குடம் நிரம்புவதற்குள் நமக்குத் தூக்கம் வந்துவிடும். அதனால் பதின்மூன்று வீட்டிலும் குழாயோடு நேராக ஒரு மோட்டாரை மாட்டி உறிஞ்சுவோம். அது கூடாது. பிடித்தால் இணைப்பையே துண்டித்துவிடுவார்கள். இது எனக்கும் தெரியும். ஆனால் தெருவே செய்கிற ஒரு காரியம் எப்படித் தப்பாக இருக்க முடியும் என்பது என் கட்சி.

மோட்டார் விஷயத்தில் தெருவுக்குத் தலைவி என் பெரியம்மாதான். கீழ் வீட்டில் அவளும் பெரியப்பாவும் அண்ணனும், மாடியில் நாங்கள். ஒரு நர்சிங் ஹோமில் ஆயாக்களுக்கு மேற்பார்வையாளராக இருந்ததால் அதட்டுவது அவளுக்குக் கைவந்த கலை. எல்லோரும் ஒரே நேரத்தில் மோட்டார் போட்டால் யாருக்கும் வராது என்று அவளே ஒரு முறை வகுத்திருந்தாள். ஒற்றைப்படை வீடுகள் ஆறரை வரை, இரட்டைப்படை வீடுகள் அதற்குப் பிறகு. ஒரு நிமிடம் கூடுதலாக ஓடினாலும் அந்த வீட்டு வாசலில் போய் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பாள்.

அந்த வியாழக்கிழமை நான் மாடிப்படியில் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் இட்லி விற்கும் அக்கா திடீரென்று, “டைகர்! டேய் டைகர்! இங்க வாடா!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். எங்கள் தெருவில் டைகர் என்று ஒரு நாயே கிடையாது. தண்ணீர் இலாகா ஜீப் உள்ளே திரும்புகிறது என்று அர்த்தம். ஓடிக்கொண்டிருந்த ஏழு மோட்டாரும் ஒரே மூச்சில் அடங்கின. பச்சைக் குழாய்கள் வீட்டுக்குள் சுருண்டன. எங்கள் மோட்டாரின் மேல் பெரியம்மா ஒரு பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்து, அதன் மேல் ஈரத் துணியைப் போட்டாள். எதிர் வீட்டில் கேரம் போர்டை எடுத்து மறைத்தார்கள். ஜீப் மெதுவாகப் போய்த் திரும்பியது. தெருவே வாசலில் நின்று, பிறந்ததிலிருந்து மோட்டாரையே பார்த்திராத முகத்தோடு கொட்டாவி விட்டது. “டைகர் போயிட்டான்” என்று இட்லி அக்கா குரல் கொடுத்ததும் ஏழு மோட்டாரும் மறுபடி உறுமின.

எனக்குத் தலைகால் புரியவில்லை. யார், எப்போது, என்ன செய்தார்கள் என்ற எல்லாமே இதில் இருந்தது. வாயில் நுரையோடு ஓடிப்போய் எழுதினேன். எத்தனை வீடு, எத்தனை மோட்டார், எதன் மேல் எதைக் கவிழ்த்தார்கள் என்று ஒன்று விடாமல் எழுதினேன்.

மிஸ் அதை நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தார். பாதியில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, “டைகர் என்ன கலர்?” என்று கேட்டார்.

“டைகர்னு நாயே இல்ல மிஸ்.”

அவருடைய தோள்கள் குலுங்கின. சிரித்து முடித்துவிட்டு, “நல்லாருக்கு. ஆனா இது உன் தெருவப் பத்தி நீயே சொல்றது. வெளியில இருந்து ஒருத்தர் சாட்சி சொன்னா இன்னும் பலம். உங்க தெருவுக்குப் பக்கத்துல யாரு இருக்காங்க, அவங்களக் கேளு” என்றார். இதைச் சொல்லும்போது அவர் என் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரேவதியைப் பார்த்தாரா என்பது எனக்கு நிச்சயமாக நினைவில்லை. பார்த்திருப்பார் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

ரேவதியின் வீடு எங்கள் தெருவுக்குப் பின்னால் இறங்கும் சந்தில் இருந்தது. எங்கள் தெருவைத் தாண்டிப் போகும் அதே குழாய்தான் கீழே அந்தச் சந்துக்கும் போகிறது. ஒன்பது வீட்டுக்கும் சேர்த்து அங்கே ஒரே குழாய். சாப்பாட்டு வேளையில் அவளிடம் கேட்டேன்.

“எங்க தெருவுல டைகர்னு கூப்புடுவாங்களே, உங்க வூட்டுக்குக் கேக்குமா?”

“கேக்குமே. கேட்டா எல்லாரும் கொடத்தத் தூக்கிக்கினு ஓடுவோம். அப்பதான் எங்க கொழாயில தண்ணி வரும். டைகர் தெனமும் வரணும்னு எங்கம்மா மாரியம்மனாண்ட வேண்டிக்கும்.”

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எங்கள் தெருவுக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள்கூட டைகரின் குரலுக்கு எழுந்து வருகிறார்கள், அதற்காகச் சாமி கும்பிடுகிறார்கள். இதைவிடப் பெரிய சாட்சி எங்கே கிடைக்கும்? கடைசிப் பத்தியாக அதைச் சேர்த்தேன். ‘எங்கள் தெருவின் ஒற்றுமை பக்கத்துச் சந்துக்கும் பரவியிருக்கிறது. டைகர் என்ற குரல் கேட்டதும் அங்கே ஒன்பது வீட்டுக்காரர்களும் குடங்களோடு ஒன்றாக ஓடி வருகிறார்கள். அப்போதுதான் அவர்கள் குழாயில் தண்ணீர் வருகிறது. டைகர் தினமும் வர வேண்டும் என்று என் தோழியின் அம்மா மாரியம்மனை வேண்டிக்கொள்கிறார்.’

மிஸ் அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தார். இந்த முறை சிரிக்கவில்லை. ஓரத்தில் கேள்வி எதுவும் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டார். மறுநாள் என் பெயரை அறிவித்தார்கள்.

பெரியம்மா எனக்குக் கன்னடக் கொடியின் நிறத்தில் சிவப்பும் மஞ்சளுமாகப் பாவாடை சட்டை தைத்தாள். தமிழ்ப் பெண் கன்னட மேடையில் பேசப் போகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தாள். எல்லோரும் வருவதாகச் சொன்னார்கள். விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் பள்ளியிலிருந்து அழைப்பிதழ் வந்தது. அண்ணன் அதைச் சத்தமாகப் படித்தான். சிறப்பு விருந்தினர், எங்கள் பகுதித் தண்ணீர் இலாகா எஞ்சினியர்.

“இருக்கட்டும், பெரிய மனுசன்தான். எங்க, நீ எழுதினத ஒருவாட்டி படி, கேப்போம்” என்றாள் பெரியம்மா பெருமையாக. நான் படித்தேன். மோட்டார் என்ற சொல் வந்ததும் அவள் கையிலிருந்த காபி டம்ளர் பாதி வழியில் நின்றது. அந்த இடத்தைத் தாண்டி யாரும் என்னைப் படிக்க விடவில்லை.

அரை மணி நேரத்தில் தெரு எங்கள் வீட்டில் கூடிவிட்டது. இட்லி அக்கா, “ஏண்டி கண்ணு, எம்பேரயும் எழுதிட்டியா?” என்று கேட்டாள். பெயர் எழுதவில்லை, முனை வீட்டு இட்லி அக்கா என்றுதான் எழுதியிருக்கிறேன் என்றேன். அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

ஆளுக்கொரு ஆதாரம் கொடுப்போம், மோட்டாரை எடுத்துவிட்டு அதில் ஒன்றை எழுதட்டும் என்று பெரியம்மா தீர்ப்புச் சொன்னாள். நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

“எதுத்த வூட்டு வளகாப்புக்கு நூறு இட்லி நான்தான் குடுத்தேன். எழுதிக்க” என்றாள் இட்லி அக்கா.

“குடுத்தீங்க. அன்னிக்கு மாவு புளிச்சுப்போயி பாதிப் பேரு வாயிலயே வெக்கல” என்றாள் எதிர் வீட்டு அத்தை.

நான்காம் வீட்டு மாமா தன்னுடைய ஏணியைத் தெருவே உபயோகிக்கிறது என்றார். போன தடவை திரும்பி வந்தபோது அதில் ஒரு படி இல்லை, யார் உடைத்தது என்று இன்றுவரை ஒருவரும் வாயைத் திறக்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் யாரை நினைத்துச் சொன்னாரோ அவர் எழுந்து நின்றுவிட்டார். பிறகு யார் வீட்டுக் குப்பை யார் வாசலில் என்று ஆரம்பித்தது. நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வந்தேன். பெரியப்பா என் தோளுக்கு மேலாக நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்கு வேற தலைப்புதான் வெக்கணும்” என்றார்.

கடைசியில் பெரியம்மா பொங்கல், ரம்ஜான், கிறிஸ்துமஸ் என்று முதலில் எழுதியதையே வாசித்துவிடு என்றாள். நான் அழுதேன். சும்மா அழவில்லை, தரையில் உட்கார்ந்து, மூக்கு ஒழுக, மூச்சு வாங்க அழுதேன். அதை வாசித்தால் மிஸ் வேறு பெண்ணை மேடையேற்றிவிடுவார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பெரியம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. காலையில் என்னோடு பள்ளிக்கு வந்து, வராந்தாவில் மிஸ்ஸிடம் காதும் காதும் வைத்தாற்போல் விஷயத்தைச் சொன்னாள். மிஸ் நோட்டை வாங்கி, மோட்டார் என்ற சொல் வந்த இடங்களை மட்டும் சிவப்புப் பேனாவால் அடித்தார்.

“அத எடுத்தாச்சு. வேற எதையும் தொட மாட்டேன். வேற எதையாவது எடுத்தா கட்டுரையே இல்ல.”

“மோட்டார் இல்லல்ல? அது போதும்” என்றாள் பெரியம்மா. கடைசிப் பத்தியைப் பற்றி அவள் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது.

விழா அன்று எங்கள் தெருவுக்காரர்கள் மூன்றாம் வரிசையை ஏறக்குறைய முழுதாக நிரப்பியிருந்தார்கள். பெரியம்மாவின் வலப்பக்கம் இரண்டு நாற்காலி தள்ளி ரேவதியின் அம்மா உட்கார்ந்திருந்தார். மேடையில் எஞ்சினியர், மாலையும் தலைப்பாகையுமாக. இட்லி அக்கா டைகரைக் கூப்பிடுகிற இடத்தை அவளைப் போலவே கத்திக் காட்டினேன். அரங்கம் சிரித்தது. குரல் கேட்டதும் ஏழு வீடுகளில் சத்தம் ஒரே மூச்சில் அடங்கும், பேசின்கள் கவிழும், கேரம் போர்டு வெளியே வரும், எல்லோரும் ஒன்றாகக் கொட்டாவி விடுவார்கள், ஆனால் எங்கள் தெருவில் அப்படி ஒரு நாயே இல்லை என்றேன். எஞ்சினியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மோட்டாரை எடுத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று, அவருக்கு ஒன்றுமே புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் வரிசையில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

அந்த உற்சாகத்தில் கடைசிப் பத்தியை இன்னும் கணீரென்று வாசித்தேன். ஒன்பது வீட்டுக்காரர்கள், குடங்கள், மாரியம்மன். இங்கேதான் கைத்தட்டல் பலமாக வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் அரங்கத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, மின்விசிறிச் சத்தம் கேட்டது. எஞ்சினியர் குனிந்து தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். கடைசி வரியைத் தப்பாக உச்சரித்துவிட்டேனோ என்று பயந்து மிஸ்ஸைப் பார்த்தேன். அவர்தான் முதலில் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். எஞ்சினியர் பரிசாக ஒரு அகராதியைக் கொடுத்து, என் தலையில் கைவைத்து, “உண்மையை எழுதியிருக்கிறாய்” என்று கன்னடத்தில் சொன்னார். ஆதாரம் இருக்கிறது சார் என்றேன்.

விழா முடிந்து நான் பஃப்ஸ் தின்றுகொண்டிருந்தபோது பெரியம்மா கேட் அருகே ரேவதியின் அம்மாவோடு பேசிக்கொண்டு நின்றாள். வெகு நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது பஃப்ஸ் கிடைக்குமா என்பதில்தான் என் கவனம் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் பெரியம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“அந்தச் சந்துல குழந்தைங்க எத்தினி பேரு?”

பதினாறு என்றேன். இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் நான் அப்போது தயாராக இருந்தேன்.

அதற்கடுத்த தண்ணீர் நாளில் ஜீப் வரப்போகிறது, பிடிக்கப் போகிறார்கள் என்று தெருவே காத்திருந்தது. இட்லி அக்கா அடுப்பைப் பற்றவைக்காமல் முனையில் காவல் நின்றாள். ஜீப் வரவில்லை. ஐந்தரை ஆயிற்று, பெரியம்மா மோட்டாரைப் போடவில்லை. வாசலில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். அவள் போடாதபோது போட யாருக்குத் துணிச்சல் வரும்? ஆறரை வரை ஒரு மோட்டார் சத்தமும் இல்லை. கீழே சந்திலிருந்து குடங்களின் சத்தமும் பேச்சும் சிரிப்பும் மாடிப்படி வரை கேட்டது. எங்கள் குழாயில் நூல் மாதிரி ஒழுகியதை அம்மா பக்கெட்டில் பிடித்தாள், பெரியம்மாவைத் திட்ட முடியாமல் என்னைத் திட்டிக்கொண்டே. ஆறரைக்குப் பிறகுதான் மோட்டார்கள் ஓடின, அதுவும் வீட்டுக்குக் கால் மணி நேரம் என்று பெரியம்மா புது முறை சொல்லிவிட்டாள். அடுத்த முறையும் அப்படியே, அதற்கடுத்த முறையும் அப்படியே. முதலில் முணுமுணுத்தவர்கள் பிறகு பழகிவிட்டார்கள்.

இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் என் ஆபீஸில் தினமும் யாராவது யாரிடமாவது டேட்டா எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நானும் கேட்கிறேன், நல்ல பெயரும் வாங்கியிருக்கிறேன். கையில் ஆதாரத்தை வைத்துக்கொண்டு அது என்ன சொல்கிறது என்று தெரியாமல் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை.

பெரியம்மா மோட்டாரைப் போடாமல் நின்ற அந்த முதல் நாள் காலை எனக்குத் தாங்க முடியாத துக்கம். டைகரை யாரும் கூப்பிடவில்லை. இனிமேல் கூப்பிட வேண்டிய அவசியமே இருக்காது என்று அண்ணன் சொன்னான். என் கட்டுரையால் தெருவின் ஒற்றுமையே குலைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே பள்ளிக்குப் போனேன். தண்ணீர் நாட்களில் பிரார்த்தனை முடிந்த பிறகே மூச்சிரைக்க வந்து சேரும் ரேவதி, அன்று எனக்கு முன்னால் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தலைக்குக் குளித்திருந்தாள். ஈரம் சொட்டி அவளுடைய சட்டைக் காலர் நனைந்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் அம்மா வேண்டிக்கொண்டது வீணாகிவிட்டது, இனி டைகர் வரவே மாட்டான், எல்லாம் என்னால்தான், மன்னித்துவிடு என்றேன். ரேவதி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். பெஞ்சில் தலையைச் சாய்த்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். ஒருத்தி அழாத குறையாக மன்னிப்புக் கேட்கும்போது இப்படியா சிரிப்பது என்று எனக்குக் கோபம் வந்து, சாயங்காலம் வரை அவளோடு பேசவில்லை.